மறு: வாஸ்குலரைசேஷன் – நாளமூட்டலா, குழலூட்டலா?

நண்பர்களே,

பாடத்தை வெள்ளிக்கிழமை அனுப்பியாக வேண்டும். 'வாஸ்குலரைசேஷன்', அதாவது திசுவுக்குள் இரத்தக் குழாய்கள் உண்டாவதும் உண்டாக்குவதும், இந்த ஒரு சொல்லுக்குத்தான் தமிழ் பாக்கி.

> நாளம் வடசொல். குழலூட்டல் என்றால் எல்லார்க்கும் புரியும்.

ஐயா, குருதிக்குழல் நல்ல சொல். ஆனால் குழல் தனித்து வந்தால் கூந்தலும் புல்லாங்குழலும் முந்திக்கொள்ளும். நாளம் என்பது தாமரைத் தண்டு. ஒடித்துப் பாருங்கள், உள்ளே நீளவாக்கில் துளைகள் ஓடும். எங்கிருந்து வந்த சொல்லானால் என்ன, பொருள் அப்படியே பொருந்துகிறது. என் தயக்கம் வேறு: 'நாளமில்லாச் சுரப்பி' படித்த மாணவர் இதையும் சுரப்பியின் நாளமாக எண்ணிவிடலாம். அதனால் 'குருதிநாளம்' என்று முழுதாகவே எழுதுவோம். இலங்கை வழக்கான குருதிக்கலனும் எனக்குப் பிடிக்கும். இந்த மாணவர்களுக்குப் பழக்கமில்லை.

> சரி, பின்னொட்டு ஊட்டல்தானே? நிறமூட்டல் போல?

இங்கேதான் உறுத்துகிறது. ஊட்டல் என்றால் வெளியிலிருந்து நாம் கொடுப்பது. ஆய்வகத்தில் திசு வளர்க்கும்போது நடப்பது அது மட்டுமல்ல. குருதிநாளத்திலிருந்து ஏறத்தாழ 100 முதல் 200 மைக்ரோமீட்டர் தொலைவுக்குள் இருக்கும் செல்களுக்குத்தான் ஆக்சிஜன் போதுமான அளவு போய்ச் சேரும். தடிமனான திசுவில் நாளம் இல்லாவிட்டால் நடுப்பகுதி செத்துவிடும். 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வில் சர்க்கரைக் கண்ணாடியால் வலைப்பின்னலை அச்சிட்டார்கள். சுற்றிலும் செல்கள் கலந்த கூழ்மத்தை ஊற்றி, அது இறுகியதும் சர்க்கரையைக் கரைத்து எடுத்தார்கள். மிஞ்சிய வெற்றுத் தடங்களில் எண்டோதீலியல் செல்களை, அதாவது குருதிநாளத்தின் உட்பூச்சாக அமையும் செல்களைச் செலுத்த, அவை உட்சுவரில் படிந்தன. இதுவரை ஊட்டல் சரி. அப்புறம் அந்தச் செல்கள் தாமே பக்கவாட்டில் முளைவிட்டன. அதை எப்படி ஊட்டல் என்பது? மிக நுண்ணிய குருதிநாளமான தந்துகியின் விட்டம் 5 முதல் 10 மைக்ரோமீட்டர்தான். அந்த நுணுக்கத்தில் திசு முழுவதும் நாம் அச்சிட்டு முடியாது. பெரும்பாலும் செல்களை நம்பித்தான் விட வேண்டும்.

பந்தல் போடுவது நாம், படர்வது கொடி. பிறவினைக்குக் 'குருதிநாளமூட்டல்', தன்வினைக்குக் 'குருதிநாளப் படர்வு' என்று வைத்துக்கொண்டால் என்ன?

> மூலத்தில் ஒரே சொல். நீங்கள் ஏன் இரண்டாக்குகிறீர்கள்?

மூலச்சொல் இரண்டையும் ஒன்றாகச் சுருட்டி வைத்திருக்கிறது. யார் செய்கிறார் என்பதைத் தமிழ் வினை காட்டிக்கொடுத்துவிடும். மாணவர் தடுமாறுவதும் அந்த இடத்தில்தான்.

இதுவரை நாளமூட்டலுக்கு நால்வர், குழலூட்டலுக்கு இருவர். தலைப்பில் குருதிநாளமூட்டல் என்றே போட்டு அனுப்புகிறேன். செல்கள் கிளைக்கும் பத்தியில் மட்டும் படர்வு இருக்கும். அதை மாற்ற எனக்கு மனமில்லை. குழல் தரப்பின் மறுப்பையும் குறித்து வைத்திருக்கிறேன். மறுபதிப்பின்போது மறுபடி பேசுவோம்.