பி விங் தமிழ்க் குழு: தையல் பிரிக்க எதை வாங்குவது?

செம்பூர், மும்பை, சனிக்கிழமை

காலை 10.12
ரேவதி (302): அனைவருக்கும் வணக்கம். அம்மாவின் பழைய சுங்குடிச் சேலைகளை வெட்டி ஒட்டுப்போர்வை தைக்கிறேன் என்று சொன்னேன் அல்லவா? நேற்று இரவு தூக்கக் கலக்கத்தில் ஒரு வரிசை முழுவதையும் தலைகீழாக இணைத்துவிட்டேன். பிரிக்க உட்கார்ந்தால் சீம் ரிப்பர் (தையல் நூலை அறுக்கிற, நுனி கவையாகப் பிரிந்த குட்டிக் கருவி) துணிக்குள்ளேயே இறங்கிவிட்டது. நல்ல ரிப்பர் எது, யாராவது சொல்லுங்கள்.

[படம்: அரக்கு நிறத் துண்டு, வெள்ளைப் புள்ளிகளுக்கு நடுவே மிளகு அளவு ஓட்டை]

10.15
லலிதா மாமி (104): ஐயோ, அரக்கிலா! அந்த நிறம் இனிக் கிடைக்காதே. எங்கே வாங்கிய ரிப்பர் அது?

ரேவதி: தையல் மெஷின் பெட்டியிலேயே வந்தது மாமி. 6 வருடம் ஆகிறது.

லலிதா மாமி: பிறகு ஏன் கிழியாது? அரிவாள்மணையைச் சாணை பிடிக்கிறோம், கத்தரிக்கோலைச் சாணை பிடிக்கிறோம், இந்தக் குட்டிக் கத்தியை மட்டும் வாங்கிய நாளோடு மறந்துவிடுகிறோம். மழுங்கினால் நூல் அறாது. நீ அழுத்துவாய். திடீரென்று அறும்போது அந்த வேகத்தில் நுனி போய்த் துணியில் குத்தி நிற்கும். குற்றம் உன் கையில் இல்லை.

10.21
கோமதி (203): எனக்குப் பாதிப் பிளேடு போதும். கடைசியாக ரிப்பர் வாங்கியது எப்போது என்றே நினைவில்லை. ஆல்ட்டரேஷனுக்கு வரும் பிளவுஸ்களை எல்லாம் பிளேடால்தான் பிரிக்கிறேன்.

ரேவதி: உங்கள் கைப்பழக்கம் எனக்கு வருமா அக்கா?

கோமதி: வராது. அதனால் உனக்குச் சொல்லவில்லை. பிளவுஸில் லைனிங் இருக்கிறது, மடிப்பு இருக்கிறது, கொஞ்சம் தவறினாலும் உள்ளே மறைத்துவிடலாம். போர்வைத் துண்டில் தையலுக்கு நீ விட்டிருப்பதே கால் அங்குலம். அதில் பிளேடு வழுக்கினால் அந்தத் துண்டே போயிற்று.

10.26
சுந்தரம் மாமா (401): இதற்கு ஒரு கருவியா? அரிசி மூட்டையில் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் சரசரவென்று வந்துவிடுகிறதே!

கோமதி: மாமா, அது சங்கிலித் தையல். ஒரு கண்ணி அடுத்த கண்ணியைப் பிடித்திருக்கும், அதனால்தான் உருவிக்கொண்டு வருகிறது. அதுவும் தைத்து முடித்த முனையில் இழுத்தால்தான் வரும். நம் மெஷினில் மேல் நூலும் அடியில் இருக்கிற பாபின் நூலும் ஒவ்வொரு தையலிலும் ஒன்றையொன்று பின்னிப் பிடித்திருக்கும். ஒரு முனையில் இழுத்தால் வராது.

சுந்தரம் மாமா: ஆமாம், லாக் ஸ்டிட்ச். அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846இல் காப்புரிமை வாங்கியது அதற்குத்தான்.

கோமதி: அவர் பிரிக்கவும் ஒரு வழி சொல்லியிருக்கலாம்.

10.34
குழு நிர்வாகி: இன்று பகல் 2 முதல் 4 மணி வரை தண்ணீர் வராது. மேல் தொட்டி சுத்தம் செய்கிறார்கள். பிடித்து வைத்துக்கொள்ளவும்.

10.41
லலிதா மாமி: ரேவதி, வாங்கப் போகும்போது மூடியைக் கழற்றி நுனியைப் பார். தையலுக்கு அடியில் நுழைவது அதுதான். மலிவானதில் நுனி சப்பையாக, தடியாக இருக்கும். உன் மெஷினில் தையல் நீளம் எத்தனையில் வைத்திருக்கிறாய்?

ரேவதி: 2.5 மாமி. சில இடங்களில் 2.

லலிதா மாமி: 2.5 மில்லிமீட்டர் என்றால் அங்குலத்துக்கு 10 தையல். அந்த இடைவெளியில் தடி நுனியை நுழைத்தால் நூலோடு துணி இழையையும் சேர்த்துத் தூக்கும். 2இல் தைத்த கந்தைத் துணி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போ. கடையிலேயே ஒரு தையலைத் தூக்கிப் பார்க்கிறேன் என்று கேள். முகம் சுளித்தால் அடுத்த கடை. நான் அப்படித்தான் வாங்கினேன்.

ரேவதி: உங்களுடையது எது?

லலிதா மாமி: க்ளோவர், ஜப்பான் தயாரிப்பு. மெல்லிய நுனி. சாதாரண ரிப்பரைப் போலப் பல மடங்கு விலை, வாங்கும்போது மனது அடித்துக்கொண்டது. என்றாலும் கவைக்கு நடுவே இருக்கிற வெட்டுவாய் நூலைத் தொட்டாலே போதும், அறுந்துவிடும்.

10.50
ஜெயா (501): எனக்கு விரல் மூட்டு வலி. மெல்லிய கைப்பிடியை 10 நிமிடத்துக்கு மேல் பிடிக்க முடியவில்லை. பிள்ளைகளின் பென்சிலில் மாட்டுகிற ரப்பர் பிடியை மாட்டிக்கொண்டேன், தேவலை. கைப்பிடி உருண்டையாக இல்லாமல் பட்டையாக இருந்தால் மேசையிலிருந்து உருண்டு காலிலும் விழாது.

ரேவதி: ரிப்பர் கவையில் இருக்கிற அந்தச் சிவப்புக் குண்டு எதற்கு? வெறும் அழகுக்கா?

லலிதா மாமி: குட்டை முனையில் இருக்கிற அந்தக் குண்டு துணியில் குத்தாது. குண்டை இரண்டு துணிக்கும் நடுவே விட்டுத் தள்ளிக்கொண்டே போனால் தையல் மளமளவென்று அறும். புதுக் காடாத் துணியில் நானும் செய்வேன். இற்றுப்போன சுங்குடியில் வேண்டாம். கிராஸாக, அதாவது இழைக்குச் சாய்வாக வெட்டிய முக்கோணங்களில் வேண்டவே வேண்டாம். இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துக்கொண்டே அறுப்பாய், துண்டு நீண்டுவிடும், பிறகு மூலை சேராது.

ரேவதி: நேற்று நான் செய்தது அதேதான்.

லலிதா மாமி: தெரியும். ஒரு பக்கத்தில் மட்டும் 4 தையலுக்கு ஒன்று வெட்டு. திருப்பிப் போடு. மறுபக்க நூலின் முனையை ஊசியால் எடுத்து மெதுவாக இழு, முழு நீளத்துக்கு வந்துவிடும். வராமல் நின்றால் வலிந்து இழுக்காதே, அந்த இடத்தில் இன்னும் ஒன்று வெட்டு. மேலே நிற்கும் பிசிறுகளை செலோடேப்பால் ஒற்றி எடு.

கோமதி: மாமி சொல்வது சரி. பிளேடுகாரியான நானும் காஜா (பொத்தான் ஓட்டை) திறக்க மட்டும் ரிப்பரைத்தான் எடுப்பேன். காஜாவின் கோடியில் குறுக்கே ஒரு குண்டூசி குத்திவிட்டுத் திறக்க வேண்டும், இல்லையென்றால் ஓரத் தையலையும் அறுத்துக்கொண்டு போய்விடும். ஒருமுறை போனது. யாருடைய சட்டை என்று கேட்காதீர்கள்.

11.05
சுந்தரம் மாமா: கோமதி, தைத்து முடித்த முனை எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கோமதி: மாமா, மூட்டையை இழுத்துப் பார்த்தீர்களா?

சுந்தரம் மாமா: முடிச்சு விழுந்துவிட்டது.

11.09
ரேவதி: திங்கட்கிழமை ஹார்பர் ரயிலில் மஸ்ஜித் போய் இறங்கி, கிராஃபோர்டு மார்க்கெட் பக்கம் பார்க்கப் போகிறேன். வேறு யாருக்காவது வேண்டுமா?

ஜெயா: எனக்கு ஒன்று. தடித்த கைப்பிடி.

கோமதி: எனக்கும் ஒன்று, மலிவானதே போதும். காஜாவுக்குத்தானே. மூடி இருக்கிறதா என்று பார்த்து வாங்கு, போன தடவை பைக்குள் கையை விட்டு ரத்தம் பார்த்தேன்.

லலிதா மாமி: அந்த அரக்குத் துண்டைத் தூக்கிப் போட்டுவிடாதே ரேவதி. ஓட்டைக்கு மேல் ஒரு சின்ன வட்டம் ஒட்டுப் போட்டுவிடலாம். சுங்குடிப் புள்ளிகளுக்கு நடுவே இன்னும் ஒரு புள்ளி. இங்கே மராட்டிக்காரர்களின் கோதடிப் போர்வையில் ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்டே தைக்கிறார்கள். எடுத்துக்கொண்டு வா.

ரேவதி: 4 மணிக்குத் தண்ணீர் வந்ததும் வருகிறேன் மாமி. பழைய ரிப்பரையும் கொண்டுவரட்டுமா?

லலிதா மாமி: அதை 401இல் கொடுத்துவிட்டு வா. மூட்டை இன்னும் திறக்கவில்லையாம்.