ரோபோகாப்: ரோக் சிட்டி – ரோபோகாப் படத்தை விரும்பியவர்கள் வாங்கலாமா?

வாடகை_கேசட் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ரோபோகாப்: ரோக் சிட்டி என்ற கம்ப்யூட்டர் கேம் இப்போது தள்ளுபடியில் கிடைக்கிறது. வாங்கலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டே இருக்கிறேன். 1987-இல் வந்த முதல் படத்தைப் பள்ளியில் படிக்கும்போது பக்கத்து வீட்டு டெக்கில், வாடகைக்கு எடுத்த கேசட்டில் பார்த்தேன். பின்னால் ரோபோகாப் ஆகப்போகும் போலீஸ்காரன் மர்ஃபியின் கையைச் சுட்டுச் சிதைக்கும் காட்சி வந்ததும் அந்த வீட்டு அத்தை டிவியை அணைத்துவிட்டார். மறுநாள் அவர் கடைக்குப் போன நேரத்தில்தான் மீதியைப் பார்க்க முடிந்தது. அன்றிலிருந்து அந்தப் படத்தின் மேல் எனக்குத் தனிப் பாசம். இரண்டாவதும் மூன்றாவதும் முதல் படத்தின் பக்கத்தில் வராது, ஆனாலும் விடாமல் பார்த்திருக்கிறேன்.

தயக்கம் எதற்கென்றால், சினிமாப் பெயரை ஒட்டி விற்கும் கேம்களை நம்பி நிறைய ஏமாந்திருக்கிறேன். இதைச் செய்த டெயான் என்ற போலந்து நிறுவனம்தான் 2014-இல் ராம்போ கேமையும் செய்தது. அது எவ்வளவு திட்டு வாங்கியது என்று உங்களுக்கே தெரியும். அப்புறம் இதில் குதிக்க முடியாது, குனிய முடியாது, வேகமாக ஓடவும் முடியாது என்கிறார்கள். அப்படி ஒரு ஷூட்டரை, அதாவது துப்பாக்கிச் சண்டை கேமை, பதினைந்து மணி நேரம் எப்படி ஆடுவது? என்னிடம் இருப்பது ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு, அது தாங்குமா என்பதையும் சொல்லுங்கள். முழுதாக ஆடி முடித்தவர்கள் பதில் சொன்னால் நல்லது. கதையின் முடிவை மட்டும் உடைத்துவிடாதீர்கள்.


டெட்ராய்ட்_ரோந்து எழுதியது:

வாங்குங்கள் நண்பரே. நான் இரண்டு முறை முடித்திருக்கிறேன், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் குறையாகச் சொன்ன அந்த மெதுவான நடைதான் இந்த கேமின் உயிர். முதல் கட்டத்திலேயே சேனல் 9 டிவி நிலையத்தை ஒரு ரவுடிக் கும்பல் பிடித்து வைத்திருக்கும், உள்ளே பணயக் கைதிகள். வேறு எந்த ஷூட்டராக இருந்தாலும் நாம் தூணுக்குத் தூண் ஒளிந்து ஒளிந்து போவோம். இங்கே நடு வராண்டாவில் நேராக நடந்து போகலாம். சுடுகிறார்கள், தோட்டாக்கள் மார்பில் பட்டுத் தெறிக்கின்றன, நாம் நிற்பதில்லை. ஒவ்வொரு அடிக்கும் அந்த இரும்புக் கால் தரையில் இறங்கும் சத்தம் இருக்கிறதே, ஹெட்போன் போட்டு ஆடுங்கள், நெஞ்சுக்குள் கேட்கும். படத்தில் அந்தப் போதைமருந்து ஆலைக்குள் ரோபோகாப் நிதானமாக நடந்து வருவதைப் பார்த்து நமக்கு ஒரு சிலிர்ப்பு வந்தது அல்லவா, அந்தச் சிலிர்ப்பை கையில் கொடுத்திருக்கிறார்கள். ஓடவும் குதிக்கவும் விட்டிருந்தால் அது ரோபோகாப் வேஷம் போட்ட வேறு யாரோ ஒரு சிப்பாயாகத்தான் இருந்திருக்கும்.

துப்பாக்கி அதே ஆட்டோ-9. தொடையைத் திறந்து எடுக்கும் அந்தத் துப்பாக்கி, ஒரு அழுத்தத்துக்கு மூன்று தோட்டா, டர்ர்ர் என்று அதே சத்தம். தோட்டா தீரவே தீராது. அதை மேம்படுத்தும் முறை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு சர்க்யூட் பலகை கிடைக்கும், அதில் சில்லுகளைப் பொருத்தி மின்சாரம் ஓடும் வழியை நாமே அமைக்க வேண்டும். எந்த முனைக்கு மின்சாரம் போகிறதோ அதன் பலன் துப்பாக்கிக்கு வரும். சில முனைகள் கெடுதலானவை, அவற்றைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். இரவு ஒரு மணிக்கு உட்கார்ந்து அந்தச் சில்லுகளைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்திருக்கிறேன். அப்புறம் எதிரியின் சட்டையைப் பிடித்துத் தூக்கி இன்னொருவன் மேல் எறியலாம், மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டர் மானிட்டரையும் வீசலாம், ஓரமாக நிற்கும் பைக்கைக்கூடத் தூக்கலாம்.

ஆனால் சண்டைக்காக மட்டும் நான் இதைப் பரிந்துரைக்கவில்லை. சண்டைக்கு நடுவே பழைய டெட்ராய்ட் தெருவில் ரோந்து போக விடுகிறார்கள். தீயணைப்புக் குழாய்க்கு முன்னால் காரை நிறுத்தியவனுக்கு அபராதச் சீட்டு எழுதலாம். சின்னத் தப்பு செய்தவனைப் பிடித்தால் தண்டிப்பதா, எச்சரித்து அனுப்புவதா என்று கேட்கும். சட்டத்தை நிலைநாட்டு என்பதும் பொதுமக்கள் நம்பிக்கையைக் காப்பாற்று என்பதும் இரண்டுமே ரோபோகாப்புக்கு மூளையில் எழுதப்பட்ட கட்டளைகள்தானே, அவை இரண்டும் மோதும் இடத்தில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். ஒருநாள் ஸ்டேஷன் வரவேற்பு மேஜையில் உட்கார வைத்து, வருகிறவர்களிடம் புகார் வாங்கச் சொல்வார்கள். ஒரு ஆக்‌ஷன் கேமில் துப்பாக்கியைத் தொடைக்குள் வைத்துவிட்டு வரிசையில் நிற்கும் ஆட்களின் குறையைக் கேட்டுக்கொண்டிருந்த அந்த நேரம்தான் எனக்கு இன்றும் ஞாபகத்தில் நிற்கிறது.

குரல் பீட்டர் வெல்லருடையதே. 1987, 1990 படங்களில் நடித்தவர், மூன்றாவது படத்தில் அவர் இல்லை. இந்த கேம் 2023 நவம்பரில் வந்தபோது அவருக்கு வயது 76. குரலில் அந்த வயது தெரிகிறது, ஆனால் மர்ஃபிக்கு அது பொருந்தியே போகிறது. கதை இரண்டாவது படத்துக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் நடக்கிறது. மர்ஃபிக்குப் பழைய குடும்ப நினைவுகள் திடீர் திடீரென்று வரும், திரை தடுமாறும், அதைப் பார்த்து, அவனை ரோபோகாப்பாக உருவாக்கிய ஓசிபி நிறுவனம் அவனை ஒரு மனநல மருத்துவரிடம் அனுப்பும். அந்த மருத்துவர் நீ மனிதனா, இயந்திரமா என்று சுற்றிச் சுற்றிக் கேட்பார், பதிலை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் இரண்டு முறையும் வேறு வேறு பதில் சொன்னேன்.

ஸ்டேஷனில் ஒரு வாழ்த்து அட்டை விஷயம் வரும். அதை மட்டும் தவறவிடாதீர்கள், இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.


ஹெட்ஷாட்_ராஜா எழுதியது:

மேலே நண்பர் சொன்னதில் பாதிக்கு மேல் ஒத்துக்கொள்கிறேன். மீதியையும் யாராவது சொல்ல வேண்டும் அல்லவா, முழு விலை கொடுத்து வாங்கியவன் என்ற முறையில் நான் சொல்கிறேன்.

ஆட்டோ-9 அவ்வளவு பலமானது, மற்ற துப்பாக்கிகளைத் தொடவே தேவை வராது. கீழே கிடக்கும் ஆயுதங்களை எடுத்து ஆடிப் பார்த்தேன், ஐந்தாவது நிமிடம் மறுபடி ஆட்டோ-9க்கே வந்துவிட்டேன். எதிரிகளின் புத்தியும் சுமார்தான். ஒரே மாதிரி ஓடி வருகிறார்கள், ஒரே மாதிரி விழுகிறார்கள். கடைசி இரண்டு மூன்று மணி நேரத்தில் ரோந்து, விசாரணை எல்லாம் குறைந்து அலை அலையாக ஆட்களை அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள், எனக்கு அங்கே சலிப்புத் தட்டியது. ஈடி-209 என்ற அந்த ராட்சத ரோபோவுடன் நடக்கும் சண்டையை எவ்வளவு எதிர்பார்த்தேன் தெரியுமா? படத்தில் கூட்ட அறையில் அது செய்த கொடூரத்தை யாரால் மறக்க முடியும். ஆனால் இங்கே அதன் மேல் சுட்டுக்கொண்டே, ராக்கெட் வந்தால் சுவருக்குப் பின்னால் போய், மறுபடி வந்து சுட்டு, இப்படியே நீள்கிறது. பயம் வரவேண்டிய இடத்தில் விரல் வலிதான் வந்தது.

முகங்களும் சரியில்லை. மர்ஃபியின் கவசம், தெருவில் தேங்கிய மழைத்தண்ணீர், நியான் விளக்கு எல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கின்றன. எதிரே நின்று பேசும் ஆளைப் பார்த்தால் வாய் ஒரு பக்கம் போகிறது, வசனம் ஒரு பக்கம் போகிறது. உணர்ச்சியான காட்சிகளில் இது நிஜமாகவே இடிக்கிறது.

மெதுவான நடை எல்லோருக்கும் ஒத்துவராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேகமாக ஆடிப் பழகியவர்களுக்கு முதல் இரண்டு மணி நேரம் காலில் கல்லைக் கட்டிவிட்டது போல இருக்கும். எனக்கு இருந்தது. தள்ளுபடி விலைக்கு என்றால் தாராளமாக வாங்கலாம், அதில் மாற்றுக் கருத்து இல்லை.


பழைய_கார்டு எழுதியது:

கார்டு பற்றி மட்டும் சொல்கிறேன். 1650 என்பது அவர்கள் சொல்லியிருக்கும் குறைந்தபட்சத் தேவை. பரிந்துரைப்பது ஆர்டிஎக்ஸ் 3070. அன்ரியல் 5 எஞ்சின், வெளிச்சம் முழுக்க அந்த எஞ்சினின் லூமென் என்ற ஒளியமைப்பு முறை, அதனால் கார்டுக்கு நல்ல வேலை. என் பழைய கணினியிலும் 1650தான் இருந்தது. எல்லாவற்றையும் குறைந்த அளவில் வைத்து, எஃப்எஸ்ஆரை (குறைந்த தெளிவில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் வசதி) போட்டு, 1080 திரைத் தெளிவில் ஆடினேன். அதே மாதிரி வசதியான டிஎல்எஸ்எஸ் உங்கள் கார்டில் வேலை செய்யாது, அது ஆர்டிஎக்ஸ் கார்டுகளுக்கு மட்டும். அறைக்குள் நடக்கும் சண்டைகளில் ஒழுங்காகவே ஓடியது, தெருவுக்கு வந்ததும் ஃப்ரேம் வேகம் இறங்கி, படம் திணறும். நிழலின் தரத்தை முதலில் குறையுங்கள், அதில்தான் எனக்கு அதிக வித்தியாசம் தெரிந்தது. 50 ஜிபிக்கு மேல் இடம் வேண்டும், கண்டிப்பாக எஸ்எஸ்டியில் போடுங்கள், பழைய ஹார்ட் டிஸ்கில் போட்டுவிட்டு நான் பட்ட பாடு போதும்.

அப்புறம் கேமுக்குள் கண்ணில் படும் ஆதாரப் பொருட்களை எல்லாம் எடுத்துக்கொண்டே போங்கள். அதற்கும் அனுபவப் புள்ளி உண்டு. எனக்கு முதலில் தெரியாமல் பாதியை விட்டுவிட்டேன்.


டெட்ராய்ட்_ரோந்து எழுதியது:

ஹெட்ஷாட்_ராஜா சொன்ன முகம், உதட்டசைவு குறைகளை நான் மறுக்கவே மாட்டேன். முதல் பதிலிலேயே சொல்லியிருக்க வேண்டும். கடைசிப் பகுதி நீள்வதும் உண்மை. ஆனால் எதிரிகள் சுமார் என்பதில் எனக்கு வேறு கருத்து. இவர்கள் தெரு ரவுடிகள். நியூக் என்ற போதைமருந்தின் பிடியில் இருப்பவர்கள். இரும்பு மனிதன் நடந்து வருகிறான், இவர்கள் கையில் சாதாரணத் துப்பாக்கி. தந்திரமாகச் சுற்றி வளைத்தால்தான் எனக்கு நம்ப முடியாமல் போயிருக்கும்.

கேள்வி கேட்டவர் ராம்போவைச் சொல்லியிருந்தார். அதற்கும் இதற்கும் நடுவில் இவர்கள் 2019-இல் டெர்மினேட்டர்: ரெசிஸ்டன்ஸ் என்று ஒன்றைச் செய்தார்கள். விமர்சகர்கள் சுமாராகத்தான் மதிப்பெண் போட்டார்கள், ஆடியவர்களுக்கோ ரொம்பப் பிடித்தது. முதல் இரண்டு டெர்மினேட்டர் படங்களில் எதிர்காலப் போர் சில நிமிடம்தான் வரும், அந்தச் சில நிமிடத்தை ஒரு முழு கேமாக விரித்தார்கள். ஆரம்பத்தில் டி-800 என்ற கொலைகார ரோபோ வந்தால் நம் தோட்டா அதை ஒன்றும் செய்யாது. அந்த இருட்டு மருத்துவமனையில் அதன் சிவப்புக் கண் திரும்பும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றிருக்கிறேன். அங்கே நாம் இயந்திரத்துக்குப் பயந்து ஒளிகிறோம், அடுத்த கேமில் நாமே அந்த நடக்கும் இயந்திரம். இரண்டையும் ஒரே ஆட்கள் செய்தார்கள் என்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை, இரண்டு படத்தையும் உட்கார்ந்து நன்றாகப் பார்த்தவர்கள் செய்த வேலை அது. இந்த ரோபோகாப்புக்கும் 2025 ஜூலையில் அன்ஃபினிஷ்டு பிசினஸ் என்று தனியாக ஒன்று வந்தது. அதில் சண்டை அதிகம், ரோந்து குறைவு. அதனால் முதலில் ரோக் சிட்டியை முடித்துவிட்டு அதற்குப் போங்கள்.


வாடகை_கேசட் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வாங்கிவிட்டேன், பத்து நாளில் முடித்தும் விட்டேன்.

பழைய_கார்டு சொன்ன மாதிரியே நிழலைக் குறைத்தேன், எஃப்எஸ்ஆர் போட்டேன், என் கணினி தாங்கியது. மழை பெய்யும் தெருவில் மட்டும் கொஞ்சம் திணறியது. ஹெட்ஷாட்_ராஜா, ஈடி-209 பற்றி நீங்கள் சொன்னது சரி, இரண்டாம் முறை அது வந்தபோது எனக்கும் போதும் என்று ஆகிவிட்டது. ஆனால் நடை எனக்கு முதல் பத்து நிமிடத்திலேயே பிடித்துப்போனது. டிவி நிலையத்தில் சண்டை உச்சத்துக்குப் போகும்போது முதல் படத்தின் அந்த இசை எழுந்தது பாருங்கள், பக்கத்து வீட்டுக் கூடமும் அந்த டெக்கும் அப்படியே கண்முன்னால் வந்தன.

வாழ்த்து அட்டையைத் தவறவிடவில்லை. இன்னும் ஆடாதவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம். மர்ஃபியின் ரோந்துத் தோழி லூயிஸ் அடிபட்டு மருத்துவமனையில் கிடக்கிறாள், அவளுக்காக ஸ்டேஷன் முழுக்கப் போய் ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். சண்டை இல்லை, புள்ளிக்காக அவசரமும் இல்லை. அந்தக் கனத்த காலை எடுத்து வைத்து மேஜை மேஜையாக நடந்தேன். எல்லோரையும் பார்த்துவிட்டோமா என்று சந்தேகம் வந்து மறுபடி ஒரு சுற்று வந்தேன், யாரையும் விட்டுவிடக்கூடாது என்று.