புதுப்பிப்பு: குன்னூர் நண்பனுக்கு ஏர் ரைஃபிள் வாங்கியாச்சு

நண்பனின் பிறந்தநாளுக்கு முதல் ஏர் ரைஃபிளாக எதைக் கொடுக்கலாம், பிசிபியா (முன்கூட்டியே அழுத்தி அடைத்த காற்றால் சுடுவது) ஸ்பிரிங்கா (உள்ளே சுருள்வில் பிஸ்டனைத் தள்ளிச் சுடுவது) என்று முன்பு கேட்டிருந்தேன் இல்லையா, ஸ்பிரிங்தான் எடுத்தோம். குழல் விட்டம் 4.5 மி.மீ., குழலை மடித்து ஏற்றும் ப்ரெசிஹோல் எஸ்எக்ஸ்100. பிசிபியில் உதைப்பே தெரியாது, குறியும் சுத்தம், ஆனால் காற்றடைக்கப் பம்போ சிலிண்டரோ தனியாக வேண்டும், பரிசு என்று கொடுத்துவிட்டு அந்தச் செலவை அவன் தலையில் கட்ட எனக்கு மனசில்லை.

2016 ஆயுத விதிகளின்படி இந்தக் குழல் அளவுக்கு, குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்குள் இருந்தால், லைசென்ஸ் வேண்டாம். அடையாள, முகவரிச் சான்று வேண்டும், அதனால் அவனையே கூட்டிப்போய் அவன் பெயரில் பில் போட்டேன். சர்ப்ரைஸ் போனால் போகட்டும்.

ஸ்பிரிங் துப்பாக்கியை இறுக்கிப் பிடித்தால் குண்டுகள் ஒரே இடத்தில் படாமல் சிதறும், குழலுக்குக் கீழுள்ள முன்கட்டையை விரித்த உள்ளங்கையில் சும்மா தாங்கினாலே போதும். குண்டு போடாமல் விசையை இழுக்கவே கூடாது, பிஸ்டன் நேராகப் போய் மோதும். டெலஸ்கோப் இப்போதைக்கு வேண்டாம், இதன் அதிர்வைத் தாங்காத மாடல்கள்தான் மலிவாகக் கிடைக்கின்றன. நம்ம ஊர் மூடுபனிக்குக் குழலை எண்ணெய்த் துணியால் துடைத்தே உள்ளே வைக்கணும். ஈயக் குண்டு, எனவே கை கழுவிவிட்டுத்தான் டீ.

காட்டுக்கோழியைச் சுட இது ஆகுமா என்று கேட்டவருக்கு: ஆகாது சார். 1972 வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம், முதுமலைக்குள் அனுமதியில்லாமல் ஆயுதத்தோடு நுழைவதே குற்றம். 10 மீட்டரில் காகிதக் குறி, பின்னால் பழந்துணி திணித்த பெட்டி, அதற்கும் பின்னால் மண்சுவர், அவ்வளவுதான் ஏற்பாடு.