‘எம்பார்கோ’வுக்கு ஈடான தமிழ்ச்சொல்

மொழிபெயர்ப்பாளர்:
அவையோருக்கு வணக்கம். கியூபா மீதான அமெரிக்காவின் ‘எம்பார்கோ’வை (ஒரு நாட்டோடு வணிகம் செய்ய அரசு இடும் தடையை) நீக்கக் கோரும் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்தைப் பாடநூலுக்காகத் தமிழாக்குகிறேன். அதன் தலைப்பில் பொருளாதாரம், வணிகம், நிதி என மூன்று அடைகள் அச்சொல்லுக்கு முன் நிற்கின்றன. அகராதி சொல்லும் ‘வணிகத்தடை’யை இட்டால் ‘பொருளாதார, வணிக, நிதி வணிகத்தடை’ என்று நகைப்புக்கிடமாகிறது. ‘பொருளாதாரத் தடை’யோ ‘சாங்ஷன்’ (ஒரு நாட்டைப் பணியவைக்க விதிக்கும் கட்டுப்பாடு) என்பதற்கு நாளிதழ்களில் நிலைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும்.

தமிழாசிரியர்:
‘முற்றுகை’ இருக்க வேறு சொல் எதற்கு? பகைவர் சூழ்ந்த ஆவூர்க் கோட்டைக்குள் சோழன் நெடுங்கிள்ளி அடைபட்டுக் கிடக்க, பாலின்றிக் குழவி அலறுவதைக் கோவூர்கிழார் பாடிய புறநானூற்றுப் பாட்டை (44) நினைவுகூருங்கள். ‘முற்று’ என்பது சூழ்தல். நாற்புறமும் வீடு சூழ்ந்த ‘முற்ற’மும் அவ்வேரினதே என்பது என் துணிபு. கியூபாவின் ஹவானா அரசும் முற்றுகை என்றே பொருள்படும் சொல்லை ஆள்கிறது.

பொருளியல் ஆசிரியர்:
ஐயா, முற்றம் இருக்கட்டும். ஹவானாவின் சொல்லை நாம் எடுத்தால், மொழிபெயர்ப்பிலேயே தீர்ப்பும் எழுதியவர்களாவோம். ஸ்பெயினும் கனடாவும் கியூபாவோடு வணிகம் செய்கின்றன. கடலை மறிக்கும் போர்க்கப்பல் இன்று எதுவுமில்லை. அமெரிக்கக் குடிமக்களின் சொத்துகளை இழப்பீடின்றி நாட்டுடைமையாக்கிய அரசோடு வணிகம் செய்ய மறுப்பது தன் உரிமை என்பது வாஷிங்டன் தரப்பு. ‘மதுவிலக்கு’ போல ‘வணிகவிலக்கு’ எனலாம்.

தமிழாசிரியர்:
அமெரிக்காவின் 1992 சட்டப்படி, வணிகத்துக்காகக் கியூபத் துறைமுகத்தைத் தொட்ட கப்பல் 180 நாள்களுக்கு அமெரிக்கத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றவோ இறக்கவோ கூடாது. மூன்றாம் நாட்டாரையும் தடுப்பது வெறும் ‘விலக்கு’ ஆகுமா? கியூபாவைச் சூழ்ந்து அமெரிக்கப் போர்க்கப்பல் நின்ற 1962 அக்டோபரிலும் அதிபர் கென்னடி முற்றுகை என்னாமல் ‘குவாரண்டைன்’ (தனிமைப்படுத்தல்) என்றுதானே சொன்னார்!

சட்ட மொழிபெயர்ப்பாளர்:
‘வரிவிலக்கு’ என்னும்போது விலக்கு சலுகையாகிறது. அமெரிக்காவின் 2000-ஆம் ஆண்டுச் சட்டம் உணவுப்பொருள் விற்பனைக்கு வழிவிட்டதை ‘வணிகவிலக்கிலிருந்து விலக்கு’ என்று எழுதுவீர்களா? மாணவர் பாவம். தலைப்பில் ‘தடை’ என்பதே போதும். ‘பொருளாதார, வணிக, நிதித் தடை’ எனத் தடங்கலின்றி ஓடுகிறது. அறுபதாண்டு கடந்தும் கியூபாவில் ஆட்சி மாறவில்லை, தட்டுப்பாடு அனைத்துக்கும் அத்தடையையே காரணம் காட்ட அந்நாட்டு அரசுக்கு வாய்ப்பாயிற்று என்ற விமர்சனத்தையும் இச்சொல்லை வைத்தே எழுதலாம்.

பொருளியல் ஆசிரியர்:
தலைப்புக்கு ஒப்புகிறேன். ஆனால் சுங்கவரி, இறக்குமதி ஒதுக்கீடு முதலியவற்றையும் பாடநூலில் ‘வணிகத்தடை’ என்கிறோமே. அவற்றைப் பேசும் இயலில் ‘எம்பார்கோ’வையும் அவற்றையும் எப்படிப் பிரிப்பது?

மொழிபெயர்ப்பாளர்:
நன்றி. பெரும்பான்மையை ஏற்றுத் தலைப்பில் ‘தடை’யை இடுகிறேன். அந்த இயல் அடுத்த மாதம்தான் அச்சாகும் என்பதால் இந்த விவாத இழையை மூடவில்லை.

தமிழாசிரியர்:
என் வாக்கு ‘முற்றுகை’க்கே. ‘முற்று’ பற்றிய விரிவான மடல் நாளை வரும்.