அல்லெமான்ஸ்ரெட்டன்: ‘யாவர் புழங்குரிமை’ எனலாமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

அடுத்தவர் நிலத்திலும் எவரும் கேட்காமல் நடக்கவும் தங்கவும் காட்டுப்பழம் பறிக்கவும் சுவீடனில் உள்ள ‘அல்லெமான்ஸ்ரெட்டன்’ என்ற உரிமைக்குத் தமிழ்ச்சொல் கேட்டு இந்த இழையைத் தொடங்கிய அம்மாவுக்கு நன்றி. வந்த பரிந்துரைகள் அனைத்தையும் படித்தேன். பலவும் ‘பொது’ என்ற சொல்லைச் சுற்றியே கட்டப்பட்டிருக்கின்றன: பொதுநில உரிமை, பொதுவெளி உரிமை, ஊர்ப்பொது உரிமை. நிலம் எல்லாருக்கும் பொது, அதனால் எல்லாரும் போகலாம் என்ற எண்ணம் இவற்றுக்கு அடியில் இருக்கிறது. சுவீடனில் நிலைமை அதுவன்று. அதைத் தெளிவுபடுத்திக்கொள்ளாமல் சொல்லாக்கத்தில் இறங்கினால் சொல்லும் பிழையாகிவிடும், அதை நம்பிப் படிக்கிறவரும் பிழையாகப் புரிந்துகொள்வார்.

அந்நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் காடு. அந்தக் காட்டில் ஏறத்தாழப் பாதி தனிக் குடும்பங்களின் சொத்து. பட்டா, எல்லைக்கல், வாரிசு எல்லாம் உள்ள நிலம். மீதியில் பெரும்பகுதி மரக் கம்பெனிகளிடமும் அரசிடமும் இருக்கிறது. அப்படி ஒருவருக்குச் சொந்தமான காட்டுக்குள் முன்பின் தெரியாத எவரும் கேட்காமல் நடக்கலாம், பனிச்சறுக்கில் போகலாம், ஏரியில் குளிக்கலாம், படகைச் சிறிது நேரம் கட்டி வைக்கலாம், ஓரிரவு கூடாரம் அடித்துத் தங்கலாம். கோடையில் நீலநிறக் காட்டுப்பழமும், இலையுதிர்காலம் நெருங்கும்போது சிவந்த லிங்கொன் பழமும், வடக்குச் சதுப்புகளில் மஞ்சள் நிற யூர்ட்ரோன் பழமும், காளான்களும் பறித்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம். குடியுரிமை கேட்கப்படுவதில்லை, இன்று காலை விமானத்தில் வந்து இறங்கியவருக்கும் இது உண்டு. நிலக்காரர் வேலி போட்டிருந்தால், மக்கள் உள்ளே போய்வர அதில் ஒரு வாயில் வைக்கும்படி ஆணையிட அதிகாரிகளுக்குச் சட்டம் இடம் தருகிறது.

ஆகவே நிலம் தனியாருடையதுதான். அதில் புகும் உரிமைதான் எல்லாருடையது. ‘பொது’ என்ற அடை நிலத்தோடு ஒட்டிக்கொள்ளும் சொல். நமக்கு வேண்டியது மனிதரோடு ஒட்டும் சொல்.

> ‘புறம்போக்கு உரிமை’ என்றால் எல்லாருக்கும் சட்டென்று புரியுமே?

புரியும், ஐயா. ஆனால் தலைகீழாகப் புரியும். புறம்போக்கு என்பது யார் பேரிலும் பட்டா இல்லாமல் கணக்குக்குப் புறத்தே நிற்கும் நிலம். இங்கே பேசப்படுவது கணக்குக்கு உள்ளே, ஒருவர் பேரில் இருக்கும் நிலம்.

> பத்திரங்களில் எழுதுவதுபோல ‘வழிநடைப் பாத்தியம்’?

இந்தப் பரிந்துரையை நான் மிகவும் மதிக்கிறேன். ‘மாமூல் வழிநடை, வண்டித்தடப் பாத்தியம் உட்பட’ என்று கிரயப் பத்திரங்களில் தலைமுறை தலைமுறையாக எழுதிவரும் உயிருள்ள சட்டத்தமிழ் அது. அடுத்தவர் நிலத்தில் நமக்குள்ள உரிமை என்ற கருத்தும் அதில் சரியாக விழுகிறது. இடிப்பது ஒன்றே: அந்தப் பாத்தியம் இன்ன சர்வே எண்ணுக்குப் போக இன்ன எண்ணின் வழியாக என்று நிலத்துக்கு நிலம் கட்டுண்டது. என் வயலை விற்றால் பாத்தியமும் வாங்கியவருக்குப் போகும். சுவீடனின் உரிமைக்கு எந்தக் காணியும் தேவையில்லை. கையளவு நிலமில்லாத ஸ்டாக்ஹோம் வாடகைக் குடித்தனக்காரருக்கும் வடகோடி நோர்போட்டன் காட்டில் அதே உரிமை உண்டு.

‘அனைத்து மனிதர் உரிமை’ என்பது மூலச்சொல்லின் உறுப்புகளைப் பிரித்து அப்படியே எடுத்து வைத்தது. மனித உரிமைகள் என்று நாம் வழங்கும் வேறொரு பெரிய கருத்தோடு அது மோதிக்கொள்ளும். ‘இயற்கை நுகர்வுரிமை’ என்றதும் நுகர்வோர் நீதிமன்றந்தான் நினைவுக்கு வரும். ‘உலாவுரிமை’ அழகாக இருக்கிறது. ஆனால் மாலையில் காலாற நடப்பதோடு அது நின்றுவிடுகிறது. கூடாரமும் காளானும் படகும் அதற்குள் அடங்கா. ஆங்கிலேயர் வழக்கில் ‘சுற்றித் திரியும் உரிமை’ என்ற பொருளில் ஒரு தொடர் உண்டு. 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கிலாந்திலும் வேல்சிலும் வரைபடத்தில் குறித்த மேய்ச்சல் மேடுகளுக்கும் திறந்த வெளிகளுக்கும்தான் அது செல்லும். சுவீடன் உரிமை எந்த வரைபடத்தையும் பார்ப்பதில்லை. ஆங்கிலத்தின் வழியாக மொழிபெயர்த்தால் பொருள் பாதியாகக் குறைந்துவிடும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

என் பரிந்துரை: யாவர் புழங்குரிமை.

‘புழங்கு’ என்ற வினையை எண்ணிப் பாருங்கள். ஒரு வீட்டில் நாலு பேர் புழங்க இடம் வேண்டும் என்கிறோம். அன்றாடம் புழங்கும் பாத்திரம் என்கிறோம். அவர்கள் வீட்டில் நாங்கள் சின்ன வயதிலிருந்தே புழங்குகிறோம் என்கிறோம். நடப்பது, இருப்பது, தங்குவது, எடுத்துப் பயன்படுத்துவது எல்லாம் அதில் உண்டு. உடைமை மட்டும் இல்லை. புழங்குகிறவர் சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை. பொருளைத் தீர்த்துவிடுவதும் புழங்குதல் ஆகாது. புழங்கிய பிறகும் அந்த இடம் அடுத்தவர் புழங்க இருக்க வேண்டும். சுவீடியர் இந்த உரிமைக்கு வகுத்திருக்கும் எல்லையும் இதுவே. உயிருள்ள மரத்தின் கிளையை ஒடிக்கக் கூடாது, பூர்ச்ச மரத்தின் பட்டையை உரிக்கக் கூடாது, விதைத்த வயலில் மிதிக்கக் கூடாது, வெறும் பாறைமேல் தீ மூட்டக் கூடாது (சூட்டில் பாறை வெடித்துவிடும், அந்தத் தழும்பு ஆறவே ஆறாது). மோட்டார் வண்டியைக் காட்டுத் தரையில் ஓட்டுவதை 1975-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. வேட்டை இந்த உரிமையில் சேராது. மீன்பிடித்தலும் சேராது; கடற்கரைகளிலும் வேனர்ன், வெட்டர்ன் உள்ளிட்ட ஐந்து பேரேரிகளிலும் தூண்டிலிடலாம் என்பது தனிச்சட்டம் தந்த சலுகை.

> புழங்குதல் என்ற சொல்லில் சாதி வாடை இருக்கிறதே. ‘அவர்களோடு புழங்க மாட்டோம்’ என்பார்கள்.

உண்மைதான், தம்பி. யார் யாரோடு புழங்கலாம், யார் எந்தக் கிணற்றில் புழங்கக் கூடாது என்று ஆளை விலக்கவும் நம் ஊர்களில் இந்தச் சொல்லைத்தான் பயன்படுத்தினார்கள். அதனாலேயே இந்தச் சொல் இங்கே வேண்டும் என்கிறேன். ஓரிடத்தில் ஒருவர் புழங்குவது யாரோ இடம் கொடுத்தால்தான் நடக்கும் என்ற பழக்கத்தை நன்கறிந்த மொழி இது. அதன் முன்னால் ‘யாவர்’ என்று நிற்கும்போது, அந்த உரிமை எவ்வளவு பெரியது என்பது தமிழ் வாசகருக்கு விளக்கமில்லாமலே உறைக்கும். இன்னொருவர் ‘புழக்கடை’யோடு குழம்புமே என்று கேட்டிருந்தார். அது புழைக்கடை, சிறுவாயில் என்று பொருள்படும் ‘புழை’யிலிருந்து வந்தது. வேர் வேறு.

புணர்ச்சியிலும் தடையில்லை. புழங்கு என்பதன் ஈற்றுக் குற்றியலுகரம் உயிர் வர மறைந்து புழங்குரிமை ஆகும். உரிமையைப் பயன்படுத்துபவர் புழங்குநர். புகக் கூடாத இடம் புழங்காப் பகுதி. கிளைச்சொற்கள் இப்படி இயல்பாகப் பிறப்பது நல்ல கலைச்சொல்லின் அடையாளம்.

‘யாவர்’ என்ற முன்னடையை விட்டுவிட்டு வெறுமனே ‘புழங்குரிமை’ என்றால் போதாதா என்று கேட்கலாம். கட்டுரையில் முதலில் வரும் இடத்திலாவது விடக் கூடாது. காரணம், சுவீடனின் வடபகுதியில் ‘சாமி’ என்ற பழங்குடி மக்களின் கலைமான் மேய்ப்புரிமை இருக்கிறது. அதுவும் அடுத்தவர் நிலத்தில் செல்லும் உரிமைதான், அதுவும் நினைவுக்கெட்டாத காலப் புழக்கத்தால் வந்ததுதான். ஆனால் அது யாவர்க்கும் உரியதன்று. அந்த மக்களுக்கு மட்டும் உரியது. 2020-இல் கிர்யாஸ் என்ற சாமி சமூகம் அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், தன் பகுதியில் சிறுவிலங்கு வேட்டைக்கும் மீன்பிடிக்கும் அனுமதி கொடுக்கும் உரிமை அந்தச் சமூகத்துக்கே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் சாமி மக்களுக்குத் தீங்கு செய்தவர்களாவோம். அதற்குத் ‘தொல்புழங்குரிமை’ என்று வைத்துக்கொள்ளலாம். அல்லது மேய்ப்புரிமை என்றே விட்டுவிடலாம். எனக்குப் பின்னதுதான் பிடிக்கிறது.

இனி, ‘உரிமை’ என்ற சொல் சரிதானா, ‘வழக்கு’ அல்லது ‘மரபு’ என்றல்லவா சொல்ல வேண்டும் என்று எழுதியவருக்கு. இது ஆழமான கேள்வி. நெடுங்காலம் இது எழுதாத வழக்காகத்தான் இருந்தது. இன்றும்கூட இன்னின்ன செய்யலாம் என்று வரிசைப்படுத்தும் தனிச்சட்டம் சுவீடனில் கிடையாது. சட்டத்தின் மௌனத்திலிருந்து உரிமை பிறந்தது என்றே சொல்லலாம். அவர்களுடைய குற்றவியல் சட்டம் அடுத்தவர் காட்டிலிருந்து எவற்றை எடுப்பது குற்றம் என்று பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது: வளரும் மரம், புல், கிளை, பட்டை, இலை, கொட்டை, பிசின், கல், சரளை என்று போகிறது. காட்டுப்பழம், காளான், பூ மூன்றும் அந்தப் பட்டியலில் இல்லை. இல்லாததால் எடுக்கலாம். 19-ஆம் நூற்றாண்டின் முடிவில் லிங்கொன் பழம் ஜெர்மனிக்கு ஏற்றுமதியாகி நல்ல காசு பார்க்கத் தொடங்கியதும், பழம் பறிப்பதைத் தடுக்க வேண்டும் என்ற குரல் நிலக்காரர்களிடமிருந்து எழுந்தது. தடை வரவில்லை.

இந்த வழக்கு அங்கே தழைத்ததற்குக் காரணம் உண்டு. சுவீடனின் குடியானவர்கள் பண்ணையடிமைகளாக இருந்ததில்லை. சொந்த நிலம் வைத்திருந்த உழவர்களுக்கு நாடாளுமன்றத்தில் தனி அவையே இருந்தது. மக்கள்தொகை குறைவு, காடு பெரிது, ஊருக்கும் ஊருக்கும் நடுவே நெடுந்தொலைவு. 1827-இன் நிலப்பங்கீட்டுச் சட்டத்துக்குப் பிறகு ஊர்நிலங்கள் துண்டு துண்டாகத் தனிப் பண்ணைகளாயின, வீடுகளே இடம்பெயர்ந்தன; நடையை மட்டும் யாரும் துண்டு போடவில்லை. 1938-இல் தொழிலாளர்க்கு ஆண்டுக்கு இரண்டு வாரச் சம்பள விடுமுறை சட்டமானதும் நகரத்து மக்கள் கூட்டங்கூட்டமாகக் காட்டுக்கும் ஏரிக்கும் வந்தார்கள். பழைய வழக்கு புது வடிவெடுத்ததும், அல்லெமான்ஸ்ரெட் என்ற சொல் பரவலானதும் அதையொட்டிய காலத்தில்தான். பிறகு 1950-களில் கரைப் பாதுகாப்பு வந்தது. இன்று பொதுவிதிப்படி நீர்க்கோட்டிலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாக வீடு எழுப்ப முடியாது, சில இடங்களில் 300 மீட்டர். கரையை வளைத்துக் கட்டிவிட்டால் குளிக்கும் உரிமையை ஏட்டில் வைத்துக்கொண்டு என்ன பயன்?

1994-இல் அரசியலமைப்பிலேயே ஒரு வரி சேர்ந்தது: அல்லெமான்ஸ்ரெட்டின்படி இயற்கையை அணுக எல்லார்க்கும் வழி இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். சொத்துரிமையைக் காக்கும் அதே பிரிவில் இது வருகிறது. ஆகவே இப்போது ‘உரிமை’ என்பதே பொருந்தும். ‘வழக்கு’ என்றால் நீதிமன்ற வழக்கோடு வேறு குழம்பும்.

நோர்வே 1957-இல் தனிச்சட்டமே இயற்றியது, பின்லாந்திலும் இந்த உரிமை உண்டு, ஸ்காட்லாந்து 2003-இல் சட்டமாக்கியது. இவை எல்லாவற்றுக்கும் யாவர் புழங்குரிமை என்ற ஒரே சொல் போதும்.

நிறுவனங்கள் தொலைவிலிருந்து ஆட்களை, குறிப்பாகத் தாய்லாந்திலிருந்து, பருவத்துக்கு அழைத்து வந்து மூட்டை மூட்டையாகப் பழம் பறிக்கச் செய்வதும் இந்த உரிமையின் நிழலில்தான் நடக்கிறது. ‘யாவர்’ என்பதில் கம்பெனியும் அடங்குமா என்ற பூசல் அங்கே இன்னும் ஓயவில்லை. நம் சொல் அந்தக் கேள்வியைத் தீர்க்காது. ஆனால் உயர்திணைச் சொல்லாகிய ‘யாவர்’ மனிதரையே முன்னிறுத்துகிறது. எனக்கு அது நிறைவாக இருக்கிறது.

அவர்களுடைய இயற்கைப் பாதுகாப்பு முகமை இந்த உரிமையைப் பற்றிச் சொல்லித்தரும்போது ஓசை ஒத்த இரு சொற்களை வைக்கிறது: ‘இந்தே ஸ்டோரா, இந்தே ஃபோர்ஸ்டோரா’. தொந்தரவு செய்யாதே, அழிக்காதே என்று பொருள். ‘கலைக்காதீர், குலைக்காதீர்’ என்று தமிழில் வைக்கலாம். கூட்டிலிருக்கும் பறவையைக் கலைப்பதும் காட்டைக் குலைப்பதும் அதில் வந்துவிடுகின்றன. மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 20 வரை நாயைக் காட்டில் அவிழ்த்துவிடக் கூடாது என்று தனி விதியே வைத்திருக்கிறார்கள், குட்டி ஈனும் காலம் என்பதால்.

ஒரு சொல் மட்டும் எனக்குக் கைகூடவில்லை. வீட்டைச் சுற்றி அந்நியர் புகக் கூடாத வெளியை ‘ஹெம்ஃப்ரீட்ஸ்ஸோன்’ என்கிறார்கள். இத்தனை மீட்டர் என்று சட்டத்தில் அளவில்லை. வீட்டுக்காரர் தம்மை யாரோ பார்க்கிறார்கள், கேட்கிறார்கள் என்ற உறுத்தல் இல்லாமல் இருக்கத் தேவையான தொலைவு அது. மரம் அடர்ந்த இடத்தில் குறுகும், திறந்த வெளியில் அகலும். ‘முற்றம்’ அளவுக்குட்பட்டது, ‘மனை’ பத்திரத்தில் எழுதிய எல்லை. ‘மனையமைதி வெளி’ என்று எழுதிப் பார்த்தேன். பொருள் சரி, நாவில் சற்றுத் தடுக்குகிறது. யாவர் புழங்குரிமைக்கு மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் இந்த இரண்டாவது சொல்லுக்கு உங்கள் பரிந்துரைகளை அனுப்புங்கள். இந்த உரிமையைப் பற்றிய கட்டுரையில் அந்தப் பத்தி மட்டும் காத்திருக்கிறது.

அன்புடன்,
குழு உறுப்பினர்