மறு: கோச் = பயிற்சியாளரா, பயிற்றுநரா? ஞாயிறு இரவுக்குள் வேண்டும்

அன்பர்களே,

கலைக்களஞ்சியத்துக்கு ஆமோஸ் அலான்ஸோ ஸ்டாக் கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பாதிரியார் ஆவதற்காக யேலுக்குப் படிக்கப் போய், பிரசங்கம் நமக்கு வராது என்று விளையாட்டுப் பக்கம் வந்தவர். 1892 முதல் 1932 வரை சிகாகோ பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கால்பந்துக் கோச். ‘பயிற்சியாளர்’ என்று போட்டு நிம்மதியாக இருந்தேன், அடுத்த பத்தியில் டிரெய்னர், அதாவது ஆட்டக்காரர்களின் உடல்தகுதியைக் கவனிப்பவர், வந்துவிட்டார். மிச்சிகன் அணியில் யோஸ்ட் கோச், கீன் ஃபிட்ஸ்பாட்ரிக் டிரெய்னர், இரண்டு பேரும் ஒரே வாக்கியத்தில். என்ன செய்ய?

---

> போட்டு நிம்மதியாக இருந்தேன்

நிம்மதி எப்படி வந்ததோ. பயிற்சியை உடையவர் பயிற்சியாளர், அதாவது பயில்கிறவர். பயில் தன்வினை, பயிற்று பிறவினை. ஆகவே பயிற்றுநர். இதை எத்தனை முறை இங்கே எழுதியிருப்பேன்!

இன்னொன்று. கோச் என்பதே வண்டிதான். ஹங்கேரியில் கோச் என்ற ஊரில் செய்த வண்டி. மாணவனைத் தேர்வில் கரைசேர்க்கிற தனியாசிரியரை ஆக்ஸ்போர்டில் கேலியாக அந்தப் பெயரால் அழைக்க, அங்கிருந்து விளையாட்டுக்கு வந்தது. நம்மிடம் தேரோட்டிக்கு வலவன் இருக்கிறானே, ‘வலவன் ஏவா வான ஊர்தி’ என்று புறநானூற்றில். வல்லவன் என்ற பொருளும் உள்ளே கிடக்கிறது. ஏன் கூடாது?

---

புலவர் ஐயா, வணக்கம். சொல் அழகுதான், ஸ்டாக்குக்கு ஒட்டாது. அவர் காலத்து விதிப்படி ஆட்டம் நடக்கும்போது கோட்டுக்கு வெளியிலிருந்து சொல்லிக்கொடுத்தாலே தண்டனை. வாரம் முழுக்கப் பழக்கிவிட்டு சனிக்கிழமை வாயை மூடிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் கையில் கடிவாளம் ஏது? அந்த வகையில் உங்கள் மேற்கோள் பொருத்தம், அன்றைக்கு ஓடியது வலவன் ஏவா வண்டிதான்.

---

எங்கட பக்கம் பத்திரிகையில எல்லாம் ‘பயிற்றுவிப்பாளர்’ எண்டுதான் வரும். ஒருத்தரும் குழம்பினதில்லை.

---

பயிற்று ஏற்கெனவே பிறவினை. அதன்மேல் இன்னொரு ‘வி’ போட்டால் பயிற்றுவதற்கு ஆள் வைத்தவர் என்றாகும்.

---

அப்ப சரியாத்தானே ஐயா இருக்கு? சிகாகோவில அவர் உடற்பயிற்சித் துறைக்கே இயக்குநர், இணைப்பேராசிரியர் பதவி வேற. ஆள் வைச்சும் பயிற்றுவிச்சிருப்பார்.

---

மைதானத்திலேயே காலம் தள்ளுகிறவன் சொல்கிறேன். பையன்கள் ‘கோச்’ என்பார்கள், இல்லையென்றால் ‘மாஸ்டர்’. ‘பயிற்றுநரே, தண்ணி குடிச்சிட்டு வரட்டுமா’ என்று ஒருத்தன்கூடக் கேட்டதில்லை. ‘கோச்’ என்றே எழுதுங்கள்.

பேச்சுவாக்கில் ஒன்று: ஸ்டாக் சிகாகோவுக்குப் போகுமுன், 1892 மார்ச்சில் ஸ்பிரிங்ஃபீல்டில் பொதுமக்கள் முன் நடந்த முதல் கூடைப்பந்து ஆட்டத்தில் மாணவர்கள் 5, ஆசிரியர்கள் 1. அந்த ஒன்றைப் போட்டவர் அவர்தான். அன்றைக்கு அவரை என்னவென்று எழுதுவீர்கள்?

---

ஆட்டக்காரர் என்று எழுதிவிட்டேன் அண்ணா. மணி பதினொன்று. கோச் பயிற்றுநர், டிரெய்னர் உடற்பயிற்றுநர். கைதூக்கியவர்கள் நான்கு பேர், அதில் இருவர் ‘எதையாவது போடுங்கள்’ என்றவர்கள். எழுபது வயதாகிவிட்டதென்று சிகாகோ அனுப்பிவிட, கலிஃபோர்னியாவில் பசிபிக் கல்லூரிக்குப் போய் 1943இல், 81 வயதில், ஆண்டின் சிறந்த கோச் விருது வாங்கினாரே, அந்த விருதின் பெயரில் மட்டும் ‘கோச்’ அப்படியே இருக்கிறது. அனுப்பியாயிற்று.

---

விருதின் பெயரையும் மாற்றியிருக்கலாம். வலவனை நான் விடுவதாயில்லை.