ஜூல், கலோரி, கிலோ: கெமிஸ்ட்ரி கணக்கில் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

முருகன்குறிச்சி:

நேற்று மகளின் பிளஸ் ஒன் விடைத்தாளைப் பார்த்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் நான் செய்த அதே தப்பு, அதே கணக்கு. கால்சியம் கார்பனேட் எந்த வெப்பநிலைக்கு மேல் தன்னிச்சையாகச் சிதையும் என்ற கேள்வி. டெல்டா எச், அதாவது சிதையும்போது உள்வாங்கும் வெப்பம் (என்தால்பி மாற்றம்), 178.3 கிலோ ஜூல். டெல்டா எஸ், அதாவது என்ட்ரோபி என்னும் ஒழுங்கின்மையின் மாற்றம், கெல்வினுக்கு 160.5 ஜூல். முன்னதைப் பின்னதால் வகுத்தால் அந்த வெப்பநிலை வரும். நான் அப்படியே வகுத்து 1.11 கெல்வின் என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டிருந்தேன்.

அரையாண்டுத் தேர்வுத் தாள் கொடுக்கிற அன்று சார் என்னை எழுப்பினார். திட்டவில்லை. ஜன்னல் திண்டில் எப்போதும் ஒரு தாழையூத்துச் சுண்ணாம்புக்கல் கிடக்கும். அதை எடுத்து வந்து என் உள்ளங்கையில் வைத்தார். "ஏல, நீ சொல்லுத சூடு சைபருக்குக் கீழ இருநூத்தி எழுபத்திரண்டு டிகிரி. அப்பன்னா இந்தக் கல்லு இந்நேரம் சுட்ட சுண்ணாம்பா ஆயிருக்கணும்லா? ஆயிருக்கா, பாரு."

அந்தப் பாடவேளை முழுக்கக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அதன் கனமும் சில்லென்ற தன்மையும் இப்போதும் கையில் இருக்கிறது. கிலோ ஜூலை ஜூலாக மாற்றியிருந்தால் 1,111 கெல்வின், அதாவது 838 டிகிரி செல்சியஸ் வந்திருக்கும். எங்கள் மாமா ஊரில் சுண்ணாம்புக் காளவாசல் உண்டு. அதன் வாய்ப்பக்கம் நிற்க முடியாத அனல் எனக்குத் தெரியும். தெரிந்தும் 1.11 என்று எழுதினேனே என்பதுதான் இத்தனை வருஷமும் உறுத்துகிறது. உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

சாரல்:

எனக்குக் குற்றாலத்தில். பதினொன்றாம் வகுப்பு, சாரல் காலம், பள்ளியில் இருந்து பஸ்ஸில் கூட்டிப் போனார்கள். வழியில் சார் ஜேம்ஸ் ஜூல் கதையைச் சொன்னார். நயாகராவில் 160 அடி விழுகிற தண்ணீர் விழுந்த வேகத்திலேயே ஃபாரன்ஹீட் கணக்கில் ஐந்தில் ஒரு பங்கு டிகிரி சூடாகும் என்று 1845-இலேயே ஜூல் எழுதியிருக்கிறார். "அருவி ஐம்பது மீட்டர்னு வச்சிக்கிட்டு நீங்க போட்டுப் பாருங்க" என்றார் சார்.

நான் பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் போட்டேன். ஒரு கிலோ தண்ணீருக்கு 9.8 பெருக்கல் 50, ஆக 490 ஜூல். தண்ணீரின் தன்வெப்பம், அதாவது அதை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம், 4.184. வகுத்தால் 117 டிகிரி.

கால்மணி நேரத்தில் எண்ணெய் தேய்த்த தலையோடு அருவிக்கடியில் நிற்கிறேன். பல் அடித்துக்கொள்கிறது, மூச்சு முட்டுகிறது. மண்டையில் 117, 117 என்று ஓடுகிறது. பக்கத்தில் நின்ற தாத்தா "பயப்படாத, தலைய உள்ள குடு" என்று பிடரியைப் பிடித்து அமுக்கினார். எனக்குத் தண்ணீரைப் பற்றிப் பயமே இல்லை. கணக்கில் எங்கே தப்பு என்று தெரியாமல்தான் தவித்தேன். 4.184 என்பது ஒரு கிராமுக்கு உள்ளது, நான் எடுத்துக்கொண்டது ஒரு கிலோ. கிலோவுக்கு 4,184. அப்படிப் போட்டால் 0.117 டிகிரி, ஜூல் சொன்னதும் ஏறக்குறைய அதுதான். அது புரிந்தது திரும்பி வருகிற வழியில், ஆலங்குளம் தாண்டின பிறகு. சாரிடம் சொல்ல வெட்கப்பட்டுச் சொல்லாமலே விட்டுவிட்டேன். அவர் இப்போது இல்லை.

தச்சநல்லூர் பெரியவர்:

நான் பாளையில் பி.யு.சி. படித்த காலத்தில் எங்கள் புத்தகத்தில் எல்லாமே கிலோ கலோரி. வீரியமிக்க அமிலமும் வீரியமிக்க காரமும் சேர்ந்தால் நடுநிலையாக்கல் வெப்பம் 13.7. இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம்.

பேரன் போன வருஷம் தேர்வுக்கு முந்தின ராத்திரி படித்துக்கொண்டிருந்தான். நோட்டை வாங்கிப் பார்த்தேன். மைனஸ் 57.3 என்று எழுதியிருந்தான். "தப்புல்லா எழுதியிருக்க, 13.7-தான்" என்று சொல்லிவிட்டேன். பிள்ளை என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. ரப்பரை எடுத்து 57.3-ஐ அழித்து 13.7 என்று எழுதினான். பக்கத்தில் இருந்த "கி.ஜூ." மட்டும் அழியாமல் அப்படியே நின்றது. மறுநாள் தாளிலும் அதையே எழுதி மதிப்பெண் போயிற்று.

13.7-ஐ 4.184-ஆல் பெருக்கினால் 57.3. இரண்டும் ஒன்றே. தாத்தா சொன்னது சரியாகத்தான் இருக்கும் என்று அவன் அழித்தான் பாருங்கள், அந்த ரப்பர் சத்தம் இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை.

வண்ணார்பேட்டை:

சாரல் தம்பியும் பெரியவரும் 4.184 என்றே எழுதுகிறீர்கள். எங்கள் இயற்பியல் புத்தகத்தில் 4.186. ஆய்வகத்தில் நான் 4.2 என்று போட்டதற்கே ஒரு மதிப்பெண் வெட்டினார்கள். எது சரி என்று அப்போது ஒருவரும் விளக்கவில்லை, அந்தக் கோபம் எனக்கு இன்னும் உண்டு. பிற்பாடு தேடித் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

கலோரி என்பதே ஒன்று இல்லை. ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம் என்று சொன்னால், எந்த டிகிரியில் இருந்து என்ற கேள்வி வரும். 14.5-இல் இருந்து 15.5-க்கு என்றால் சுமார் 4.1855 ஜூல். நீராவி அட்டவணை போடும் பொறியாளர்கள் வைத்துக்கொண்டது 4.1868. வேதியியல்காரர்கள் தண்ணீரையே விட்டுவிட்டு, ஒரு கலோரி என்றால் மிகச் சரியாக 4.184 ஜூல் என்று வரையறுத்துக்கொண்டார்கள். இந்தக் குழப்பம் வேண்டாம் என்றுதான் 1948-இல் எடைகள் அளவைகள் பொது மாநாடு வெப்பத்துக்கும் ஜூலையே அலகாக வைத்தது. ஆகவே 4.184 மட்டும்தான் சரி என்பதுபோல எழுத வேண்டாம்.

சாரல்:

நான் அப்படிச் சொல்லவில்லை அண்ணாச்சி. 490-ஐ 4,186-ஆல் வகுத்தாலும் 0.117-தான். நான் தவறவிட்டது ஆயிரம் மடங்கு. நீங்கள் சொல்கிற வித்தியாசம் ஆயிரத்தில் அரை பங்கு.

வண்ணார்பேட்டை:

சரி தம்பி. ஆனால் அந்த அரை பங்குக்காக என் மதிப்பெண் போகவில்லை, 4.2 என்றதற்குப் போனது. அதைத்தான் சொன்னேன்.

களக்காட்டு டீச்சர்:

இருபத்திரண்டு வருஷமாகப் பாடம் நடத்துகிறேன். முதல் வருஷம் கரும்பலகையில் நானே, வாயுக் கணக்குகளில் வரும் R என்ற வாயு மாறிலிக்கு 0.0821 போட்டு ஆற்றலைக் கண்டுபிடித்து, ஜூல் என்று எழுதிவிட்டேன். கடைசி பெஞ்சில் ஒரு பெண் கையைத் தூக்கி, "டீச்சர், அது லிட்டர் அட்மாஸ்பியர்லா" என்றாள். அதுவும் ஆற்றலின் அலகுதான், ஆனால் ஜூல் இல்லை. அவ்வளவுதான் என் கதை.

முருகன்குறிச்சி அண்ணன் மகளுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். தெர்மோடைனமிக்ஸ் பாடத்தில் என்தால்பியைப் பெரும்பாலும் கிலோ ஜூலில் தருவார்கள், என்ட்ரோபியை ஜூலில் தருவார்கள். என்தால்பி நூற்றுக்கணக்கில் கிலோ ஜூல் வரும், என்ட்ரோபி நூற்றுக்கணக்கில் ஜூல்தான் வரும், எழுத வசதியாக இருக்கட்டும் என்று இப்படி ஆகிவிட்டது. அதனால் கணக்கைத் தொடும் முன்பே என்ட்ரோபியை ஆயிரத்தால் வகுத்து, 0.1605 கிலோ ஜூல் என்று கேள்வித்தாளிலேயே பென்சிலால் எழுதிவிடச் சொல்லுங்கள். பிறகு தப்பு வரவே வழி இல்லை.

இரண்டாவது, எண்ணை மட்டும் எழுதி அலகைக் கடைசியில் ஒட்டவைக்கிற பழக்கம் கூடாது. ஒவ்வொரு வரியிலும் எண்ணோடு அலகும் வர வேண்டும். மேலே கிலோ ஜூல், கீழே ஜூல் என்று நின்றால் அடித்துவிட முடியாது, கண்ணே காட்டிக்கொடுக்கும்.

வாயு மாறிலிக்கு மூன்று முகம் உண்டு. ஜூலில் 8.314, கலோரியில் 1.987, லிட்டர் அட்மாஸ்பியரில் 0.08206. மூன்றையும் மனப்பாடம் செய்த பிள்ளைகளுக்கு ஒரு விஷயத்தை யாரும் சொல்வதில்லை. 8.314-ஐ 1.987-ஆல் வகுத்தால் 4.184 வரும். 0.08206-ஆல் வகுத்தால் 101.3 வரும், ஒரு லிட்டர் அட்மாஸ்பியருக்கு அத்தனை ஜூல். மாற்றும் எண் மறந்துபோனாலும் தேர்வு மண்டபத்தில் உட்கார்ந்தபடியே எடுத்துக்கொள்ளலாம். மடக்கை அட்டவணையில் ஒரு நிமிஷ வேலை.

அப்புறம், ஒரு மூலக்கூறுக்கா, ஒரு மோலுக்கா என்பதையும் பார்க்க வேண்டும். ஹைட்ரஜன் மூலக்கூறின் பிணைப்பை உடைக்க மோலுக்கு 436 கிலோ ஜூல். ஒரே ஒரு மூலக்கூறுக்கு என்றால் அவகாட்ரோ எண்ணால், அதாவது ஒரு மோலில் உள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கையால், வகுத்து 7.24 பெருக்கல் பத்தின் அடுக்கு மைனஸ் 19 ஜூல், அல்லது எலக்ட்ரான் வோல்ட் என்ற மிகச் சிறிய ஆற்றல் அலகில் சுமார் 4.5. ஒரு எலக்ட்ரான் வோல்ட் என்பது மோல் கணக்கில் 96.5 கிலோ ஜூல். விடை ஒற்றை இலக்க எலக்ட்ரான் வோல்ட்டில் வந்தால் பிணைப்புக்குப் பொருந்தும். ஆயிரக்கணக்கில் வந்தால் எங்கோ கிலோ விட்டுப்போயிற்று என்று நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

முருகன்குறிச்சி:

டீச்சர், நான் யோசனை கேட்டு எழுதவில்லை, அந்தக் கல்லைப் பற்றிச் சொல்லத்தான் எழுதினேன். ஆனாலும் என்ட்ரோபியைப் பென்சிலால் மாற்றி எழுதுகிறதை மகளிடம் இன்றைக்கே காட்டிவிட்டேன். நன்றி.

வள்ளியூர் டீக்கடை மகள்:

எல்லோரும் மதிப்பெண் போனதைச் சொல்கிறீர்கள். எனக்கு அப்பாவின் பணம் போயிற்று.

பி.எஸ்ஸி. முதல் வருஷம். எங்கள் டீக்கடையில் கேஸ் விலை கட்டுப்படியாகவில்லை. "கரண்டு பாய்லர் வாங்கலாமா தாயி, ஒரு யூனிட்டுல எத்தன லிட்டர் வெந்நீ வைக்கலாம்னு நீ படிச்சவ, சொல்லு" என்று அப்பா கேட்டார். நான் உற்சாகமாக உட்கார்ந்தேன். ஒரு யூனிட் என்றால் ஒரு கிலோவாட் மணி, 36 லட்சம் ஜூல், அதாவது 3,600 கிலோ ஜூல். அது வரைக்கும் சரி. ஒரு லிட்டர் தண்ணீரை முப்பதில் இருந்து நூறு டிகிரிக்குக் கொண்டுபோக 70 கிலோ கலோரி. அதுவும் சரி. 3,600-ஐ 70-ஆல் வகுத்து "51 லிட்டர்ப்பா" என்று சொன்னேன்.

அப்பா காலண்டர் தாளின் பின்னால் 51 என்று எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நாகர்கோவில் போய் பாய்லர் வாங்கி வந்துவிட்டார்.

இரண்டு மாசம் கழித்து மின் அட்டையையும் அந்தக் காலண்டர் தாளையும் ஒன்றாக மடித்து எடுத்து வந்தார். கடையில் ஆள் இருந்தார்கள், அதனால் சத்தமாகக் கேட்கவில்லை. "இதுல எங்கயோ இடிக்கி, பாரு தாயி." பாய்லர் கெட்டுப்போயிருக்கும் என்றுதான் அவர் நினைத்தார். என் கணக்கைப் பற்றி அவருக்குச் சந்தேகமே வரவில்லை. நான் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. மேலே கிலோ ஜூல், கீழே கிலோ கலோரி. ஒரு யூனிட் என்றால் 860 கிலோ கலோரிதான். 70-ஆல் வகுத்தால் பன்னிரண்டு லிட்டர், அதுவும் சூடு வெளியே போகாமல் இருந்தால்.

தாளை வாங்கி 51-ஐ அடித்து 12 என்று எழுதிக் கொடுத்தேன். கை நடுங்கியது. அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "சரி, அப்ப வெந்நீ மட்டும் இதுல வேண்டாம். ராத்திரி பால் சூடு ஆறாம இருக்க வச்சிக்கிடுவோம்" என்று சொல்லிவிட்டு கிளாஸ் கழுவப் போனார். அந்தப் பாய்லர் இப்போதும் கடையில் பாலுக்குத்தான் ஓடுகிறது. அந்தத் தாளை அவர் தூக்கிப்போடவில்லை, கல்லாப்பெட்டிக்குள் இருக்கிறது.

தச்சநல்லூர் பெரியவர்:

தாயி, உன் அப்பா உன்னை அன்றைக்கு ஏசினாரா?

வள்ளியூர் டீக்கடை மகள்:

இல்லை தாத்தா. அன்றைக்கும் ஏசவில்லை, இன்று வரைக்கும் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை.